கைக்குட்டையாரின் கறுப்பு

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் மீசைக்குச் சாயம் பூசிக்கொள்கிற ஒருவர், ஆட்டுக்குச் சாயம் பூசுகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வேலையை முப்பத்தோரு வருடம் பார்த்தார். மனிதர் இதில் எந்த முரணையும் கண்டதில்லை. மீசை பதிவேட்டில் வராது, ஆடு வரும். அவ்வளவுதான் அவருடைய தத்துவம்.

கறுப்புச் செம்மறி இனப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆய்வாளர் அவர். செம்மறி என்ற பெயரிலேயே சிவப்பு குந்தியிருக்கிறதே என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். ஊர் அவருக்கு வைத்த பெயர் கைக்குட்டை. வயதுக்கு மரியாதை கொடுத்துக் கைக்குட்டையார் என்போம்.

சங்கத்திடம் ஆடு கிடையாது. ஆடுகள் ஆட்டுக்காரர்களிடம் இருந்தன. சங்கத்திடம் இருந்தவை ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இரண்டு அறைகள், ஒரு பதிவேடு, இனத்தரப் புத்தகம் ஒன்று, பிறகு கைக்குட்டையார். கீழே பல்லைக் குடைகிற சத்தம் மேலே நாள் முழுக்கக் கேட்கும். யாரோ எங்கோ வலியில் துடிப்பதைக் கேட்டுக்கொண்டே அவர் பதிவேட்டில் ஆடுகளின் பெயரைக் கோடிட்டு அடித்துக்கொண்டிருப்பார். பொருத்தமான பின்னணி இசை.

இனத்தரப் புத்தகத்தில் கொம்புக்கு ஒரு பக்கம், குளம்புக்கு ஒரு பக்கம், வாலுக்கு ஒன்றரைப் பக்கம். நிறத்துக்கு மட்டும் ஒரே வரி: 'நிறம்: படத்தில் உள்ளவாறு.' எதிர்ப்பக்கத்தில் படம். கரியில் பிறந்து கரியில் வளர்ந்த மாதிரி ஒரு கிடா, ஒரு மயிர்கூட மாறாத மினுமினுப்புடன், தன்னைத் தவிர மற்ற எல்லா ஆடுகளையும் கேவலமாகப் பார்க்கிற முகத்துடன் நிற்கும். அதே படம் அலுவலகச் சுவரில் பெரிதாக, சங்கத்தின் கடிதத்தாளில் சிறிதாக.

ஆய்வு நடக்கிற முறை இது. கைக்குட்டையார் தகர டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பார். அவரே இஸ்திரி போட்டு, நான்காக மடித்தது. சின்னப் புட்டியிலிருந்து ஸ்பிரிட்டை ஊற்றி நனைப்பார். ஆட்டின் தோளிலிருந்து வால்வரை மூன்று இழுப்பு. துணியில் கறுப்பு ஒட்டினால் 'சாயம்' என்று எழுதிப் பெயரை அடிப்பார். ஒட்டாவிட்டால் புத்தகத்தை விரித்து ஆட்டின் பக்கத்தில் பிடிப்பார். படத்தைப் பார்ப்பார், ஆட்டைப் பார்ப்பார். பெரும்பாலும் அதற்கும் அடிதான்.

கறுப்புக் கம்பளி ஒரு கோடை வெயிலைத் தின்றால் நுனியில் துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும். இது ஆட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், மீசைக்குச் சாயம் பூசுகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் புத்தகத்துக்குத் தெரியாது. ஆகவே கெட்டிக்கார ஆட்டுக்காரர்கள் கிடாக்களைச் சன்னல் இல்லாத கொட்டகையில் அடைத்து வளர்த்தார்கள். இருட்டில் நின்று குளம்பு அழுகிச் செத்த ஆடுகள் எல்லாம் நல்ல கறுப்பாகவே செத்தன. கைக்குட்டையாருக்கு அதில் குறையொன்றும் இல்லை.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருந்தது. அப்பனும் கறுப்பு, ஆத்தாளும் கறுப்பு, குட்டி மட்டும் பழுப்பாக விழும். படத்தில் பழுப்பு இல்லை, ஆகவே அது கலப்பு. குட்டியையும் தாயையும் பதிவிலிருந்து நீக்க வேண்டும், தகப்பன் கிடாவை ஒரு வாரத்துக்குள் காயடிக்க வேண்டும். மறுத்தால் மந்தை மொத்தத்துக்கும் பதிவு போய்விடும். கைக்குட்டையார் வேலைக்கு வந்தபோது பதிவேட்டில் எண்ணூறு ஆடுகள். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் கிடாக்கள் ஒன்பது. அந்த ஒன்பதில் எட்டு, ஒரே கிழட்டுக் கிடாவின் மகன்களும் பேரன்களும். 'இனத்தின் தூய்மை ஆண்டுதோறும் கூடிவருகிறது' என்று ஆண்டறிக்கையில் எழுதுவார்கள். உண்மைதான். இதே வேகத்தில் போனால் கடைசியில் சுவரில் மாட்டிய ஆடு ஒன்றுதான் தூய்மையாக மிஞ்சும்.

எட்டில் சேராத அந்த ஒன்பதாவது கிடா ஓர் ஆட்டுக்காரியுடையது. விறைப்பாக நிற்கும் என்பதால் அதற்குப் பட்டாளத்தான் என்று பெயர். நாற்பத்திரண்டு பெட்டைகளுக்கு அவன் ஒருவன்தான் கிடா. அவள் கிடாவைச் சாயத்தில் முக்குகிறவள் இல்லை, இருட்டில் பூட்டுகிறவளும் இல்லை. அதனால் நல்லவள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பல்போன கிழட்டு ஆட்டை இளசு என்று சொந்த நாத்தனார் தலையிலேயே கட்டியவள். சாயம் பூசாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று சொல்வாரும் உண்டு.

அந்த வருட ஆய்வு சந்தைக் கொட்டகையில் நடந்தது. ஆடுகளின் ரத்த மாதிரி எடுக்க ஆய்வகத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவும் வந்திருந்தாள். கைக்குட்டையார் பட்டாளத்தான்மேல் மூன்று இழுப்பு இழுத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. ஏமாற்றத்துடன் புத்தகத்தை விரித்தார்.

"ஏம்மா, முதுகைப் பாரு. இது கறுப்பா?"

"பொறந்தப்ப கறுப்புதான் சார். வெயில்ல மேயுது, வெளுத்துப் போச்சு. நீங்க ஆபீஸ்ல மேயுறீங்க, மீசை கறுப்பாவே இருக்கு."

கொட்டகையில் நாலு பேர் தும்முவதுபோல் சிரித்தார்கள். கைக்குட்டையார் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கையில் பெரிய துருப்புச் சீட்டு இருந்தது.

"இந்த ஈத்துல உனக்குப் பழுப்பு ஒண்ணு விழுந்துச்சாமே?"

"விழுந்துச்சு. ரெட்டைக் குட்டி. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பழுப்பு. இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

"தாய் வேலி தாண்டியிருக்கு."

"எப்படி சார், பாதி மட்டும் தாண்டுச்சா?"

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தாள். "சார், பழுப்பு ஒளிஞ்சுக்கிட்டு வரும். அப்பாகிட்ட ஒரு பங்கு, அம்மாகிட்ட ஒரு பங்கு. ஒரு பங்கு மட்டும் இருந்தா வெளிய தெரியாது, ஆடு கறுப்பாத்தான் நிக்கும். ரெண்டு பங்கும் ஒரே குட்டிக்குப் போய்ச் சேர்ந்தா அது பழுப்பு. இந்த மாதிரி ஜோடிக்கு நாலுல ஒண்ணு அப்படி விழலாம். கலப்பெல்லாம் இல்ல. இனத்துக்குள்ளயே இருக்கறதுதான்."

"புத்தகத்துல அப்படி இல்லையேம்மா."

"புத்தகத்த ஆட்டுக்குப் படிச்சுக் காட்டினீங்களா சார்?"

"இவன் ஒருத்தன்தான் அந்த எட்டுக்கும் சொந்தமில்லாத கெடா," என்றாள் ஆட்டுக்காரி. "இவனையும் நசுக்கிட்டா அப்புறம் அண்ணன் தங்கச்சியத்தான் கட்டி வைக்கணும்."

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. ரெண்டு கறுப்புக்குப் பழுப்பு பொறந்தா என்ன அர்த்தம்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

ஆட்டுக்காரி கயிற்றை மறுகைக்கு மாற்றினாள். "அப்படியா சார்? உங்களுக்கும் கருங்கண்ணு, வீட்டம்மாவுக்கும் கருங்கண்ணு. உங்க பொண்ணுக்கு மட்டும் பூனைக்கண்ணு. யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டோமா?"

இந்த முறை யாரும் தும்முவதுபோல் நடிக்கவில்லை. வாய்விட்டே சிரித்தார்கள். கைக்குட்டையாரின் பேனா பதிவேட்டின் மேல் நின்றது. முப்பத்தோரு வருடத்தில் 'நீக்கம்' என்ற வார்த்தையை அவர் கை தானாகவே எழுதும், கண்ணைக் கட்டிவிட்டாலும் எழுதும். அன்று முதல்முறையாக வேறு எழுதியது: 'குழுவின் முடிவுக்கு.' வெள்ளிக்கிழமை குழு கூடும், கிடாவோடு வா என்றார். முடிவு எதுவாக இருக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம் என்பதற்காக, காயடிக்கிற இடுக்கிக்காரரையும் அன்றே வரச்சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சமையலறை மேசைமுன் உட்கார்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மீசைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு, சங்கத்தில் வழியனுப்பு விழா. சுவரில் இருக்கும் அதே கிடாப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. ஏற்பாட்டைச் சொன்னவரும் அவரே. படத்தைப் பெரிதாக்கும் வேலையை ஒப்படைத்தது மனைவியின் அண்ணனிடம். அந்தக் காலத்தில் அந்தப் படத்தை எடுத்த போட்டோக்காரர் அவர்தான்.

அந்த மச்சான் ஓர் உறையோடு வாசலில் நின்றார்.

"வா அண்ணே," என்றாள் மனைவி. "சாயம் நடந்துக்கிட்டிருக்கு."

"கெடாவுக்கா, மாப்ளைக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே டப்பாதான். உக்காரு."

மச்சான் உறையிலிருந்து இரண்டு படங்களை மேசையில் போட்டார். "பெருசு பண்ண நெகட்டிவ் தேடினேன் மாப்ள. ரெண்டு கெடச்சுது. முதல்ல எடுத்தத நீ பார்த்து ரொம்ப நாளாச்சு இல்ல?"

இரண்டாவது படம் உலகறிந்தது. முதலாவதிலும் அதே கிடாதான், அதே வேலி, அதே கேவலப் பார்வை. ஆனால் முதுகு முழுக்கத் துரு. வலது ஓரத்தில் ஒரு பெட்டை நிற்கிறது. அதன் மடியில் முட்டிக்கொண்டு ஒரு குட்டி. பழுப்புக் குட்டி.

"இது... வெளிச்சம் சரியில்ல," என்றார் கைக்குட்டையார், பிரஷ் ஒரு பக்க மீசையிலேயே நிற்க.

"என் கேமராவ ஏன்யா பழிக்கிற? காலண்டருக்கு எடுப்பா இல்லன்னு சொன்னது யாரு? கல்யாணத்துக்கு எங்கப்பா உனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தாரே, அதோட வந்த பாலீஷ் டப்பா ரெண்டும் அன்னிக்குக் காலி. நீ முதுகுக்குப் போட்ட, நான் காலுக்குப் போட்டேன். அந்தப் பழுப்ப நீதான் கல்லெடுத்துத் துரத்தின. அப்புறம் எடுத்தது இது."

"சட்டைய மூணு தடவ துவைச்சேன்," என்றாள் மனைவி. "கறுப்பு போகவே இல்ல. அப்புறம் அதாலயே தரை துடைச்சேன்."

கைக்குட்டையார் பொய் சொல்லி மறைத்தவர் இல்லை. அந்த அளவுக்குச் சாமர்த்தியம் இருந்தால் அவர் எங்கோ போயிருப்பார். உண்மையிலேயே மறந்துவிட்டார். காலண்டருக்காக மினுக்கிய படத்தை மறு வருடம் சங்கத்தார் இனத்தரம் என்று புத்தகத்தில் ஒட்டியபோது, அதை முதலில் நம்பியவர் அதற்குப் பாலீஷ் போட்டவர்தான். அறுநூறு ஆடுகளை அந்த இரண்டு டப்பாவோடு ஒப்பிட்டு அடித்திருக்கிறார். அவற்றில் பாலீஷ் போட்ட ஆடுகளை, பாலீஷ் போட்டிருக்கிறார்கள் என்று அடித்திருக்கிறார்.

"அப்ப, இத்தனை வருஷமா?" என்று ஆரம்பித்தாள் மனைவி.

"டீ போடு," என்றார்.

இந்த இடத்தில் மனசாட்சி உறுத்தியது, தூக்கம் போயிற்று என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவர் நன்றாகத் தூங்கினார். காலையில் உறையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டில் வைத்தால் மனைவி பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டிவிடுவாள் என்ற ஒரே பயத்தினால். வாயைத் திறப்பதில்லை, பட்டாளத்தானை இடுக்கியில் கொடுத்துவிட்டு ஓய்வு பெறுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பட்டாளத்தான் மாடிப்படி ஏறினான். பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒரு நோயாளி, டாக்டர் சொல்லாமலே வாயைத் திறந்தார். இடுக்கிக்காரர் கீழே பெஞ்சில் தன் சாமானோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்காரி அவரைத் தாண்டும்போது கயிற்றை இரண்டு சுற்று அதிகமாகக் கையில் சுற்றிக்கொண்டாள்.

மேலே தலைவர் இருந்தார். தலைவருக்குக் கம்பளி ஒத்துக்கொள்ளாது, ஆட்டைக் கண்டால் தும்மல் வரும். ஆடு வளர்த்ததும் இல்லை. சங்கத்தை ஆரம்பித்தது அவர் அப்பா என்பதால் அவர் தலைவர். மூன்று உறுப்பினர்கள் விழித்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா ரத்த முடிவுகளோடு வந்திருந்தாள். எட்டுக் கிடாக்களும் ஒரே ரத்தம், பட்டாளத்தான் மட்டும் வேறு, இவனை விட்டால் வேறு நாதி இல்லை என்று படித்தாள். தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரத்தம் யாரு கண்ணுக்கும்மா தெரியுது? நிறம்தான் தெரியுது." சுவரைக் காட்டினார். "அதோ பாருங்க. அது எங்கப்பா கண்டுபிடிச்ச கறுப்பு. அந்தக் கெடாவ ஊர் ஊரா தேடி, பொறுக்கி எடுத்து, அந்த நிறத்த உலகத்துக்குக் காட்டினது எங்கப்பா. நம்ம கைக்குட்டை சாரு அப்ப சும்மா கயிறு பிடிச்சுக்கிட்டு நின்னவரு. அவரையே கேளுங்க."

கைக்குட்டையாரின் மீசை ஒரு பக்கம் துடித்தது. உண்மைக்காக இந்த மனிதர் ஒரு விரலையும் அசைத்திருக்க மாட்டார். ஆட்டுக்காகவும் அசைத்திருக்க மாட்டார். ஆனால் கயிறு பிடித்தவர் என்று, அதுவும் வழியனுப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்னால்!

"கயிறா? நானா?" என்று எழுந்தார். "கயிறு பிடிச்சது உங்கப்பா சார்! அந்தக் கறுப்ப உண்டாக்கினது நான். இந்தக் கையால. ரெண்டு டப்பா பாலீஷ்! உங்கப்பாவுக்கு அது பாலீஷ்னுகூடத் தெரியாது. 'என்ன கறுப்பு, என்ன கறுப்பு'ன்னு கெடாவத் தடவிட்டு, அந்தக் கையோட மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுப் போனாரு!"

கீழே பல் குடைகிற சத்தம் நின்றிருந்தது. அதனால் மேலே நிலவிய அமைதி சுத்தமாகக் கேட்டது.

"அத்தாட்சி இருக்கா சார்?" என்றாள் டாக்டரம்மா மெதுவாக.

இருந்தது. பையிலிருந்து உறையை எடுத்து, பரிசு வாங்கிய பிள்ளைபோல் முதல் படத்தை மேசையில் வைத்தார். தன் திறமைக்குச் சான்றாகத்தான் வைத்தார். இந்தத் துருவிலிருந்து அந்தக் கறுப்பு வரைக்கும் கொண்டுபோனவன் நான் என்று விரலால் கோடு வேறு இழுத்துக் காட்டினார்.

ஆட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், பட்டாளத்தானைப் பார்த்தாள். "அச்சு அசல் இவனேதான். அதோ பழுப்பும் நிக்குது பாருங்க, மடி குடிச்சுக்கிட்டு."

தலைவர் சமாளிக்கப் பார்த்தார். "அதெல்லாம் சரி. விதிய மாத்தணும்னா பொதுக்குழுவுல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். உறுப்பினர்ல பாதிப் பேர் செத்தே போயிட்டாங்க."

"விதிய மாத்த வேண்டாம் சார்," என்றாள் டாக்டரம்மா. "ஒரு எழுத்துகூட. 'படத்தில் உள்ளவாறு'ன்னுதானே இருக்கு? படத்த மாத்திடுங்க. படத்த மாத்த ஓட்டு வேணும்னு எங்கயும் எழுதல."

தலைவர் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் பட்டாளத்தான் உடம்பை உதறினான். அறை முழுக்க மயிர் பறந்தது. தலைவர் ஒன்று, இரண்டு, ஏழு என்று தும்மினார். "எதையாவது ஒட்டித் தொலைங்கய்யா! அத முதல்ல வெளிய ஓட்டுங்க!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைக்குட்டையார் தன் கையாலேயே புத்தகத்திலிருந்த பாலீஷ் படத்தைப் பிய்த்துத் துருப் படத்தை ஒட்டினார். இனத்தரம் ஓர் எழுத்து மாறாமல் காப்பாற்றப்பட்டது. பட்டாளத்தானின் பெயருக்கு நேரே 'ஏற்பு' என்று எழுதும்போது அவருக்கு அந்த வார்த்தையின் எழுத்து கொஞ்சம் தடுமாறியது. கீழே இடுக்கிக்காரர், வந்ததும் வந்தோம் என்று, தனக்கு ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் மறு வருடமும் ஆய்வு வந்தது.

புதுப்படச் செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. இருட்டுக் கொட்டகையில் பூட்டி வைத்த அதே ஆட்டுக்காரர்கள், இப்போது ஆடுகளை மதிய வெயிலில் கட்டிப்போட்டு வறுத்திருந்தார்கள். பொறுமை இல்லாதவர்கள் மருதாணி அரைத்து முதுகில் அப்பியிருந்தார்கள். ஒருவர் எங்கிருந்தோ ஒரு பழுப்புக் குட்டியை இரவல் வாங்கி வந்து, படத்தில் இருக்கிற அதே வலது ஓரத்தில் நிறுத்தியிருந்தார். புதிய ஆய்வாளர் வெள்ளைக் கைக்குட்டையால் இழுத்த இழுப்புக்கெல்லாம் சிவப்பு வந்தது. பத்து ஆடுகளுக்கு அடி விழுந்துவிட்டது.

ஓய்வுபெற்ற கைக்குட்டையார் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். சாயத்தை மனைவி தூக்கி எறிந்துவிட்டாள். மீசை நுனியில் பழைய சாயம் வெயிலில் வெளுத்துத் துருவாகத் தொங்கியது.

ஆட்டுக்காரி இந்த முறை பட்டாளத்தானின் மகனைக் கொண்டுவந்தாள், அந்த இரட்டையில் கறுப்பனை. போன வாரம்தான் கம்பளி கத்தரித்திருந்தாள். அடிமயிர் கரிக்கட்டையாக மின்னியது. புதிய ஆய்வாளர் மூன்று இழுப்பு இழுத்தார். துணி வெள்ளை. புத்தகத்தை விரித்துப் பக்கத்தில் பிடித்தார்.

"ஏம்மா, துரு எங்க?"

"என்னது?"

"படத்துல முதுகுல துரு இருக்கே. இதுல இல்லையே."

ஆட்டுக்காரி சுற்றிலும் பார்த்தாள். பார்வை கைக்குட்டையாரின் மேலுதட்டில் வந்து நின்றது. "இந்தக் கொட்டகையிலயே படத்துக்குப் பொருந்தறது அந்த சாரோட மீசை ஒண்ணுதான். வேணும்னா அவரப் பதிஞ்சுக்குங்க."

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதிய ஆய்வாளர் சிரிக்கவில்லை. அந்த உத்தியோகத்துக்கு ஏற்ற ஆள்தான். பேனாவை எடுத்து, 'குழுவின் முடிவுக்கு' என்று எழுதினார். வெள்ளிக்கிழமை கிடாவோடு வரச் சொன்னார். இடுக்கிக்காரருக்கும் சொல்லி அனுப்பினார்.

ஆட்டுக்காரி கறுப்பனை இழுத்துக்கொண்டு கைக்குட்டையாரிடம் வந்தாள்.

"சார், உங்களுக்கு விழாவுல பெருசா சட்டம் போட்டு ஒரு படம் கொடுத்தாங்களே. பாலீஷ் போட்டது. அது இன்னும் இருக்கா?"

"கூடத்துல மாட்டியிருக்கேன்."

"வெள்ளிக்கிழமை அதக் கழட்டிக் கொண்டுவாங்க."

கைக்குட்டையார் மீசையைத் தடவிக்கொண்டார். முப்பத்தோரு வருடத்தில் ஓர் ஆட்டுக்காரி அவரிடம் உதவி என்று கேட்டது அதுதான் முதல்முறை. மனிதர் நிமிர்ந்துவிட்டார்.

"பசையும் நானே கொண்டுவரேன்மா," என்றார்.